ஆறு டிஸ்க்கும் ஒரு ஆயுத பூஜையும்

18 ஆகஸ்ட் 2003, திங்கள்

டிஸ்க் வந்துவிட்டது. ஒன்றல்ல, ஆறு. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெஷின் ஷாப் மார்கரெட் அக்கா, என்னடி தனியாகச் சிரித்துக்கொண்டு வருகிறாய் என்று கேட்டார். டிஸ்க் வந்திருக்கு அக்கா என்றேன். பாட்டு டிஸ்க்கா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்க ஆரம்பித்தால் மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் போதாது.

இங்கே விளக்கிக்கொள்கிறேன், கேட்பார் யாருமில்லை. என் வேலை டேப் மாற்றுவது. டிராயிங் செக்‌ஷன்காரர்கள் வரைகிற படமெல்லாம் ஒரே சர்வரில் கிடக்கிறது. சாயங்காலம் அதில் ஒரு டேப்பைச் செருகிவிட்டுப் போவேன், ராத்திரி அது தன் பாட்டுக்கு நகல் எடுக்கும், காலையில் உருவி பீரோவில் வைப்பேன். இதற்கு எதற்கு பி.எஸ்ஸி கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று நானே கேட்டுக்கொள்வது உண்டு. ஃபாக்டரியில் என் பேர் ரூத் இல்லை, டேப் பொண்ணு.

போன மாதம் டிராயிங் செக்‌ஷன் பத்ரி கிளட்ச் லீவர் படம் ஒன்றைக் கைதவறி அழித்துவிட்டு முகம் வெளுத்து வந்து நின்றார். டேப்பைப் போட்டேன். பாதியில் சிக்கி, நூடுல்ஸாக வெளியே வந்தது. பாவம், மறுபடி முதலிலிருந்து வரைந்தார். அதற்கப்புறம்தான் மேனேஜர் கோபாலகிருஷ்ணன் சாருக்கு டேப் மேலேயே வெறுப்பு வந்து, நெட்வொர்க் வழியாக டிஸ்க்கிலேயே நகல் எடுக்கிற பேக்கப் சர்வர் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டார். வேலையை எங்கள் செக்‌ஷன் பாலசுப்ரமணியன் சாரிடம் கொடுத்தார். பாலா சாருக்குச் சம்பள சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டவே பொழுது போதவில்லை. எந்த டிஸ்க்கில் எதை வைப்பது என்று நீயே ஒரு பிளான் போட்டுக் கொடும்மா என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

என் பக்கம்!

டிசம்பரோடு என் கான்ட்ராக்ட் முடிகிறது. இது நன்றாக நடந்தால் பெர்மனென்ட் ஆக்குவீர்களா சார் என்று கோபாலகிருஷ்ணன் சாரிடம் தைரியமாகக் கேட்டுவிட்டேன். பார்க்கலாம்மா என்றார். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம் என்கிறான் ஆல்வின். தம்பிக்கு எல்லாம் தெரியும். கடைசியில் ஒரு 'ம்மா' இருந்ததே, அதை அவன் கணக்கில் எடுக்கவில்லை.

19 ஆகஸ்ட்

எதை எங்கே வைப்பது? சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

21 ஆகஸ்ட், வியாழன்

பாலா சாருக்கும் எனக்கும் முதல் சண்டை. சண்டை என்றால், அவர் பேசினார், நான் தலையாட்டிக்கொண்டே இல்லை சார் என்றேன்.

அவர் திட்டம் சுலபம். ஆறு டிஸ்க்கையும் சேர்த்து ஒரே பெரிய இடமாக்கிவிடு, கல்யாண மண்டபம் மாதிரி ஒரே ஹால், யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும் என்கிறார். இடம் வீணாகாது என்பது அவர் வாதம். வீணாகாதுதான். ஆனால் அப்படிச் சேர்த்தால் ஒரு டிஸ்க் படுத்தாலும் மொத்த ஹாலும் படுத்துவிடும். அது போக, ராத்திரி டிராயிங் சர்வரோடு ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாமே ஒரே சமயத்தில் வந்து கொட்டும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்கிற பட்டியலையும் சர்வர் அதே இடத்தில்தான் எழுத வேண்டும். ஹால் நிரம்பிவிட்டால் பட்டியல் எழுத இடமிருக்காது, அத்தோடு எல்லாம் நின்றுவிடும். கல்யாண மண்டபத்தில்கூட சமையல்கட்டு தனியாகத்தானே சார் இருக்கிறது என்றேன்.

முறைத்தார். ஆனால் மறுக்கவில்லை. யோசிக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். அல்லது பசி.

24 ஆகஸ்ட், ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் முழுக்க டிஸ்க் வரைந்துகொண்டிருந்தேன், பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில். ஆண்டவர் மன்னிப்பார், அம்மா மன்னிக்கவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது அம்மா தட்டைத் தட்டினாள்: "இன்னாடி இது, சோத்த வச்சிகினு செவத்தையே பாத்துகினு கீற?"

சொன்னேன். அம்மா, ஆறு ரூம் இருக்கு. ஊரே ஒரே நேரத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு வருகிறது. எந்த மூட்டை எந்த ரூமுக்கு என்று யோசிக்கிறேன். சத்துணவுக் கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் சமைக்கிற அம்மாவுக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. மொதல்ல எல்லாத்தையும் ஒரு எடத்துல எறக்கி வையி, அப்பால பொறுமையா பிரி, வர்றவன வாசல்ல நிக்க வைக்காத என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள். இதைத்தான் நான் மூன்று நாளாக வரைந்துகொண்டிருக்கிறேன். அப்பா சிரித்தார். நம்ம மோசஸ் குடும்பத்தில் ஆறு ரூமைப் பற்றிப் பேசுவதே இதுதான் முதல் தடவை என்றார். இருப்பது ஒரு ரூமும் அதை ஒட்டின ஒரு தடுப்பும். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

ஆல்வின் மகாபலிபுரத்துக்கு வேன் ட்ரிப் போனான், ஒரு சீட் காலி என்று என்னையும் ஏற்றிக்கொண்டான். வந்த குடும்பத்தோடு நானும் இறங்கி ஐந்து ரதத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது எத்தனையோ தடவை பார்த்ததுதான். இன்றைக்கு என் கண்ணே வேறாக இருந்தது.

ஒரே நீளப் பாறை. அதை அப்படியே ஒரு பெரிய கோயிலாகக் குடையவில்லை. வரிசையாக நாலாகப் பிரித்திருக்கிறான். நாலும் நாலு அளவு, எதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஐந்தாவது தள்ளி, தனியாக. அந்தத் தள்ளி இருக்கிற ஐந்தாவதைப் பார்த்ததும் நான் சத்தமாக 'ஆமாம்ல' என்றேன். பக்கத்தில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். நகல் எல்லாமே ஒரே ரூமில் இருந்தால் அந்த ரூம் தீப்பிடித்தால் என்ன ஆவது? ஒரு டிஸ்க் தள்ளி இருக்க வேண்டும், வேறு கட்டடத்தில்.

ஆல்வினிடம் சொன்னேன். வேன் பானட்டில் சாய்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தான். "அக்கா, உனக்கு முத்திப் போச்சு," என்றான்.

1 செப்டம்பர், திங்கள்

பாலா சார் ஒத்துக்கொண்டார். பிளான் இதுதான், எழுதி எழுதிப் பார்த்துக்கொள்வதில் ஒரு சுகம்:

முதல் டிஸ்க், சர்வரின் உயிர். அதை எழுப்புகிற சிஸ்டமும், எது எங்கே என்கிற பட்டியலும். இரண்டாவது காத்திருக்கிற இடம், ராத்திரி வருகிற எல்லாம் முதலில் இங்கேதான் இறங்கும், பிறகு பொறுமையாகப் பிரிந்து மூன்று, நாலு, ஐந்துக்குப் போகும். போன பிறகு இரண்டாவது காலி. ஆறாவது வெள்ளிக்கிழமை தோறும் நகல் வாங்கிக்கொண்டு மெயின் கேட் கட்டடத்துப் பீரோவுக்குப் போய்விடும்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அக்டோபர் ஏழாம் தேதி கார் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் கண்ணெதிரே ஏதாவது ஒரு படத்தை அழித்துவிட்டுத் திரும்ப எடுத்துக் காட்டச் சொல்வார்கள். எடுக்க முடியாவிட்டால் ஆர்டரே கைவிட்டுப் போகும், அப்போது உன் சமையல்கட்டும் நீயும்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். சரி சார் என்றேன். பயமே வரவில்லை. வந்திருக்க வேண்டும், இல்லையா?

4 செப்டம்பர், வியாழன்

டிஸ்க் ஒவ்வொன்றும் ஒரு டிரேயில் உட்கார்ந்திருக்கிறது. டிராயர் மாதிரி முன்னால் இழுத்து வெளியே எடுக்கலாம். ஒன்று, இரண்டு என்று எண் ஒட்டலாம் என்றார் பாலா சார். ஐயோ, அவ்வளவு அழகான டிஸ்க்குக்கு எண்ணா?

பஸ் ரூட் பேர் வைத்துவிட்டேன். முதலாவது செங்கல்பட்டு, எல்லாம் அங்கிருந்துதானே கிளம்புகிறது. இரண்டாவது திருக்கழுக்குன்றம், பஸ் நின்று டீ குடித்துவிட்டுக் கிளம்புகிற இடம், காத்திருக்கிற டிஸ்க்குக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது. அப்புறம் சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், நெம்மேலி. கேட் கட்டடத்துக்குப் போகிற ஆறாவது கோவளம். தமிழில் எழுதி ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. உள்ளேயும் அதே பேர்தான், ஆங்கில எழுத்தில்.

மத்தியானத்துக்குள் ஊரே வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிற்று. அக்கவுன்ட்ஸ் கோமளம் மேடம் மட்டும் நின்று நிதானமாகப் படித்தார். அவருக்குச் சொந்த ஊர் திருக்கழுக்குன்றம், வீட்டுக்காரர் கோயில் ஆபீஸில் இருக்கிறார். எங்க ஊரை ஏண்டிம்மா ரெண்டாவதா வச்சிருக்கே என்று கேட்டார். பஸ் அப்படித்தான் மேடம் போகிறது என்றேன். ஒரு 'ஹும்' சொல்லிவிட்டுப் போனார்.

10 செப்டம்பர்

நேற்று ராத்திரி முதல் ஓட்டம். காலையில் பையைக்கூட இறக்காமல் ஓடிப்போய்ப் பார்த்தேன். எல்லாரும் வந்து, இறங்கி, பிரிந்து, அவரவர் இடத்தில். திருக்கழுக்குன்றம் காலி. நடு ரூமில் ஒரு சுற்று சுற்றினேன். பத்ரி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். பார்க்கட்டுமே.

15 செப்டம்பர், திங்கள்

இதை எழுதத்தான் வேண்டுமா?

சாப்பாட்டு இடைவேளையில் பாலா சார் சாதாரணமாகச் சொன்னார். இனிமேல் டேப் இல்லை, ராத்திரி செருகவும் வேண்டாம், காலையில் உருவவும் வேண்டாம், கோபாலகிருஷ்ணன் சாருக்கு ஒரே சந்தோஷம், ஒரு கான்ட்ராக்ட் போஸ்ட் மிச்சம் என்கிறார் என்று. சொல்லி முடித்த பிறகுதான் அந்த போஸ்ட் எதிரே தயிர்சாதம் தின்றுகொண்டிருக்கிறது என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எவ்ளோ பெரிய லூசு நான். மெனக்கெட்டு வரைஞ்சு வரைஞ்சு, பேரெல்லாம் வச்சு — என் வேலைக்கே வேட்டு வச்சிருக்கேன். அதுவும் ஆடிக்கினே. இது எனக்குத் தோணவே இல்லையே, ஒரு தரம் கூட?

16 செப்டம்பர்

யோசித்தேன். பிளானை லேசாகக் கெடுத்தால்? ஒரே ஒரு இடத்தில், தினமும் யாராவது வந்து கை வைத்தால்தான் ஓடும் என்கிற மாதிரி? யாருக்கும் தெரியாது. இப்போது இரண்டாவது நிரம்புவதற்கு முன்னால் தானே பிரித்து அனுப்புகிறது, அதை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

முயன்றுகூடப் பார்த்தேன். அந்த வரியை அழித்தேன். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. உடனே திரும்ப எழுதிவிட்டேன், முன்னைவிட நன்றாக. இப்போது இன்னும் வேகமாகப் பிரிக்கிறது. எனக்கு நல்ல புத்தி என்பதற்காக இல்லை, அசிங்கமாக ஒன்று செய்து வைத்துவிட்டு அதற்கு எதிரே தினமும் உட்கார முடியாது, அவ்வளவுதான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

26 செப்டம்பர், வெள்ளி

கோவளம் முதல் தடவையாக நகல் வாங்கிக்கொண்டு கேட் கட்டடத்துக்குப் போனது. நானே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். செக்யூரிட்டி என்ன குழந்தையா என்று கேட்டார். கோபத்தில் இருக்கலாம் என்றுதான் காலையில் வந்தேன். முடியவில்லை, நாள் பூராவும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

3 அக்டோபர், வெள்ளி

நாளைக்கு ஆயுத பூஜை. நாளை, நாளன்றைக்கு ஃபாக்டரி லீவு என்பதால் பூஜை இன்றைக்கே நடந்தது. லேத்தும் பிரஸ்ஸும் பளபளவென்று மாலையோடு நின்றன. பொரி, கடலை, சுண்டல் எல்லாம் உண்டு. எங்கள் ரூமுக்குக் கோமளம் மேடம்தான் பொறுப்பு, வருஷா வருஷம் அவர்தான். ஆயுதம் எல்லாம் ஓய்வெடுக்க வேண்டும், சர்வரையும் அணைத்துவிடு என்றார். டிராயிங் சர்வர் வந்த நாளிலிருந்து மூன்று வருஷமாக அணைத்ததே இல்லையே என்றேன். அதுக்கும் ஒடம்பு வலிக்காதாடி என்று கேட்டார். பாலா சாரும் இரண்டு நாள்தானே, பூஜையில் ஒரு குறை எதற்கு என்றார்.

மத்தியானமே கடைசி நகலை எடுத்து, எல்லாம் பிரிந்து போனதைப் பார்த்துவிட்டு, இரண்டு சர்வரையும் முறைப்படி அணைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. துடைத்துப் பொட்டு வைப்பது மேடத்தின் வேலை. சந்தனக் கிண்ணத்தோடு அவர் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். எனக்குக் கொடுத்த பொரியில் பாதி பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது.

5 அக்டோபர், ஞாயிறு

நாளன்றைக்கு ஆடிட். எந்தப் படத்தை அழிக்கச் சொல்வார்கள்? எதைச் சொன்னாலும் எடுத்துவிடுவேன். அலட்டல்தான். இருக்கட்டும்.

6 அக்டோபர், திங்கள்

மூச்சு விட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

பரனூர் தாண்டுவதற்குள் பஸ் டயர் போய்விட்டது. இறங்கி நின்று, வேறு பஸ் வந்து, ஃபாக்டரிக்குள் நுழையும்போதே கேட்டில் செக்யூரிட்டி சொன்னார், உங்களைத் தேடுகிறார்கள் மேடம் என்று. என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. 

சர்வர் ரூமில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பாலா சார் சட்டை நனைந்து நின்றார். காலையில் வந்ததும் டிராயிங் சர்வரைப் போட்டிருக்கிறார். மூன்று வருஷம் நிற்காமல் சுழன்ற டிஸ்க், இரண்டு நாள் ஓய்வெடுத்ததும் எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டது. டிக், டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பத்ரியும் மற்றவர்களும் மாதக்கணக்கில் வரைந்தது முழுக்க அதற்குள். நாளைக்கு ஆடிட்.

பரவாயில்லை சார், பேக்கப் இருக்கிறதே என்றேன். அவர் பேக்கப் சர்வரின் திரையைக் காட்டினார். அதையும் காலையிலேயே போட்டிருக்கிறார். சிஸ்டமே இல்லை என்று சொல்லியிருக்கிறது. ஓய்வில் அதுவும் கெட்டுவிட்டது என்று நினைத்து, பதறிப்போய், சிஸ்டத்தைத் திரும்பப் போட சிடியைச் செருகியிருக்கிறார். முதல் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டுப் போடவா என்று கேட்டிருக்கிறது. ஆம் என்று அழுத்திவிட்டார்.

"அழுத்தின அப்புறம்தாம்மா பட்டியலும் அதுலதான இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு," என்றார்.  பாதியில் நிறுத்தியிருக்கிறார். ஆனால் அழிந்தது அழிந்ததுதான்.

முதல் டிஸ்க். உயிர். பட்டியல் இல்லாமல் மற்ற மூன்றிலும் இருப்பது வெறும் மூட்டை, எது யாருடையது என்று தெரியாது. கோவளம் பூஜை அவசரத்தில் இந்த வெள்ளிக்கிழமை நகல் வாங்கவில்லை, அதில் முந்தின வெள்ளிக்கிழமைப் பட்டியல்தான் இருக்கிறது, அதை வைத்து ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்ப எத்தனை நாள் ஆகுமோ.  போச்சு, எல்லாம் போச்சு, டேப்பே இருந்திருக்கலாம், நூடுல்ஸா வந்தாலும் டேப்பு டேப்புதான் — இப்படி என்னென்னவோ ஓடியது.

சர்வருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து டிரேயிலும் சந்தனம், நடுவில் குங்குமம், அச்சு வைத்த மாதிரி. ஸ்டிக்கருக்கு மேலே படாமல் கோமளம் மேடம் பார்த்துப் பார்த்து வைத்திருந்தார். அழுகை வருகிற நேரத்தில்கூட அதன் அழகைப் பார்க்கத் தோன்றியது. இடமிருந்து வலமாகப் படித்தேன். திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டு. சதுரங்கப்பட்டினம்.

இது எந்த ஊர் பஸ்?

மறுபடி படித்தேன். திருக்கழுக்குன்றம் முதல் இடத்தில். செங்கல்பட்டு இரண்டாவதில். எழுந்து அக்கவுன்ட்ஸுக்கு ஓடினேன். கோமளம் மேடம் வெற்றிலைப் பையைத் திறந்துகொண்டிருந்தார். மேடம், டிரேயை வெளியே எடுத்தீர்களா என்றேன். பின்னே எடுக்காமல் எப்படித் துடைக்கிறது என்றார், எல்லாவற்றையும் மெத்தென்ற துணியில் துடைத்து, பொட்டு வைத்து, பத்திரமாகத் திரும்ப வைத்தாராம்.

"வச்சுண்டே இருக்கச்சே மனசு கேக்கலைடிம்மா. ஸ்வாமி ஊராச்சே, ரெண்டாவதா இருக்கலாமோ? முன்னாடி வச்சுட்டேன்."

பாலா சாரும் பின்னாலேயே வந்திருந்தார். முதலில் எனக்குத்தான் புரிந்தது, அப்புறம் அவருக்கு. சர்வர் முதல் இடத்தில் இருக்கிற டிஸ்க்கில்தான் சிஸ்டத்தைத் தேடும். அங்கே திருக்கழுக்குன்றம் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் சிஸ்டம் இல்லை என்றது. சிஸ்டம் எங்கேயும் போகவில்லை, பக்கத்து இடத்தில் பொட்டு வைத்துக்கொண்டு சமர்த்தாக இருந்தது. பாலா சார் அழித்தது திருக்கழுக்குன்றத்தை. அது வெள்ளிக்கிழமை மத்தியானமே காலி.

அழிக்க அதில் ஒன்றுமே இல்லை.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அக்கவுன்ட்ஸில் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். பாலா சார் ஒரு நாற்காலியைப் பிடித்து இழுத்து உட்கார்ந்தார். ஒரே ஹாலாக இருந்திருந்தால் அந்த ஒரு 'ஆம்' மொத்தத்தையும் முடித்திருக்கும், அது அவருக்கே தெரிந்தது. விஷயத்தைக் கோமளம் மேடத்துக்கு விளக்கினேன். சர்வர் எழாமல் போனதே அவரால்தான் என்பதைக் காதிலேயே வாங்கவில்லை. எங்க ஊர் வேதகிரீஸ்வரர் தாங்கிண்டுட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் பாஸ்டரிடம் இதை எப்படிச் சொல்வேன்?

இரண்டு டிரேயையும் இடம் மாற்றிப் போட்டேன். சர்வர் எழுந்தது. காத்திருக்கும் டிஸ்க்கைக் காணோமே என்று முனகியது, அதைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். டிராயிங் சர்வருக்கு வேறு டிஸ்க் மாட்டி, பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு படமாக அனுப்ப ஆரம்பித்தேன். பத்ரி சாப்பிடப் போகாமல் தன் திரைக்கு முன்னாலேயே இருந்தார். வெயில் தாழ்கிற நேரத்தில் அவருடைய கியர் ஃபோர்க் வந்தது. திறந்தார், எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார், கடைசியாக வைத்த கோடு வரைக்கும் இருந்தது.

"வந்துடுத்து," என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

7 அக்டோபர், செவ்வாய்

ஆடிட்காரர் ஒரு படத்தை அழித்துவிட்டு எடுத்துக் காட்டுங்கள் என்றார். ஒன்று என்ன, நேற்று எல்லாவற்றையுமே எடுத்தோம் சார் என்று பாலா சார் சொல்லிவிட்டார். அவர் நம்பவில்லை. கியர் ஃபோர்க்கையே தேர்ந்தெடுத்தார். பத்ரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எடுத்துக் கொடுத்தேன், ஆடிட்காரரின் தேநீர் ஆறுவதற்குள்.

இந்த டிஸ்க் பிரிவினை யார் போட்டது என்று கோபாலகிருஷ்ணன் சார் கேட்டார். "ரூத் போட்டது சார். நான் வேண்டாம்னேன், அவ கேக்கல," என்றார் பாலா சார். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

20 அக்டோபர்

டேப் டிரைவைக் கழற்றி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். நானே ஸ்க்ரூவைக் கழற்றினேன். இன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன், டிசம்பருக்கு அப்புறம் தெரியாது என்று. வூட்டுல ஒக்கார வச்சி சோறு போட முடியாதா எனக்கு என்று கோபித்துக்கொண்டாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கும் தெரியவில்லை.

30 டிசம்பர், செவ்வாய்

நாளையோடு கான்ட்ராக்ட் முடிகிறது. இன்றைக்கு கோபாலகிருஷ்ணன் சார் காரிடாரில் நடந்துகொண்டே, ரெண்டாம் தேதி வழக்கம்போல வந்துடும்மா, வேலை இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை. வழக்கம்போல என்றால்? ஆல்வினுக்கும் இதற்கு அர்த்தம் தெரியவில்லையாம்.

19 ஜனவரி 2004, திங்கள்

இன்றைக்கு என்னையும் பாலா சாரையும் ஜீப்பில் ஏற்றி ஒரகடத்துக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் கம்பெனியின் புது ஃபாக்டரி அங்கே எழும்புகிறது. எழும்புகிறது என்றால், வெறும் பொட்டல். தூண்கள் நிற்கின்றன, கம்பி நீட்டிக்கொண்டு. கூரை இல்லை, சுவர் இல்லை. செருப்பெல்லாம் செம்மண்.

கோபாலகிருஷ்ணன் சார் ஒரு மூலையில் நின்று, சர்வர் ரூம் இந்தப் பக்கம்தான் வரப்போகிறது என்றார். இதை யார் பார்த்துக்கொள்ளப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, பாலா சார்தான் கேட்டார். வேற யாரு, ரூத்துதான், அதுக்குத்தானே பெர்மனென்ட் ஆர்டர் போட்டிருக்கு என்றார். எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆர்டர் போட்டதைப் பாலா சார் சொல்லிவிட்டதாக இவரும், இவரே சொல்லிவிட்டதாகப் பாலா சாரும் நினைத்திருக்கிறார்கள். நான் செம்மண்ணில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை டிஸ்க் வேணும், ரூம் எவ்ளோ பெரிசா வேணும், நீயே சொல்லும்மா. சுவர் இன்னும் எழுப்பல. நீ சொன்னதுக்கப்புறம் எழுப்பிக்கலாம்."

ஆறுதான் இருக்கிறது, அடக்கு என்று சொன்னால் எனக்கு உடனே கை ஓடும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஓடும். அப்பாவுக்கு, அவருடைய அப்பாவுக்கு, எங்களுக்கெல்லாம் யாரோ கட்டி முடித்த இடத்தில் மிச்சம் இருக்கிற மூலையில் அடங்கித்தான் பழக்கம். எவ்வளவு வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

 நாளைக்குச் சொல்கிறேன் சார் என்றேன். சரி என்றார். மேஸ்திரி கையில் சுவருக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடியோடு காத்துக்கொண்டிருந்தார், அவரிடமும் நாளைக்கு என்று சொன்னார்கள்.